மேற்படி கோமு

9 ஜூன் 2025

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் அழைப்பு. கோமுவின் வகுப்பு மிஸ், என்னையும் ராஜியையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார வைத்தார். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துதான் மகளைப் பற்றிக் கேட்க வேண்டுமாம். பெற்றோருக்குப் பணிவு வர இப்படி ஒரு ஏற்பாடு போலிருக்கிறது.

"கோமு நல்ல பிள்ளை சார். ஆனா வாசிக்க மட்டும் வரமாட்டேங்கு. ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க."

டாக்டர் என்ன செய்வார், எழுத்தைக் கரைத்து சங்கில் புகட்டுவாரா என்று கேட்டேன். மிஸ் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் ராஜி, "நீங்க சொன்னதுல ஒரு சிரிப்பும் இல்ல" என்றாள்.

மூன்று தலைமுறையாக நாங்கள் பத்திரம் எழுதுகிறவர்கள். டவுணில் பாதி வீடுகள் எங்கள் எழுத்தில்தான் கைமாறியிருக்கின்றன. அப்பாவின் எழுத்தைப் பார்த்துவிட்டு சார்பதிவாளரே இது அச்சா என்று கேட்டாராம். (அப்பா சொன்னது. வேறு சாட்சி கிடையாது.) அந்த வீட்டுப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் கோளாறு பள்ளிக்கூடத்தில்தான் இருக்க வேண்டும். எழுதிப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வருகிறது. எதையும் எழுதிவிட்டால் உண்மை மாதிரி ஆகிவிடும். நான் சாப்பிடுவதே அதை வைத்துத்தான்.

12 ஜூன்

நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தேன். முதல் வகுப்புப் பாடப் புத்தகம். "மரத்தில் குரங்கு இருந்தது." கோமு ஒரு நொடிகூட யோசிக்காமல், "மரத்துல குரங்கு உக்காந்திருக்கு" என்றாள். படத்தைப் பார்த்துச் சொல்கிறாள். படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன்.

அவ்வளவுதான். பேச்சு நின்றுவிட்டது. விரல் எழுத்துக்குக் கீழேயே நிற்கிறது, விரல் ஈரத்தில் தாள் சுருங்குகிறது. அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கைய எடுத்தீங்கன்னா சொல்லிருவேம்பா."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏட்டி, கைநாட்டாவே போகப் போறியா நீ" என்று கத்திவிட்டேன். அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. விழவில்லை, ராஜி போட்டாள்.

சாப்பிடும்போது கோமு பைய கேட்டாள். "கைநாட்டுன்னா என்னப்பா?" எழுதத் தெரியாதவர்கள் இடது பெருவிரலை மையில் ஒற்றிப் பத்திரத்தில் வைப்பார்கள் என்று சொன்னேன். அது செல்லுமா என்றாள். செல்லும் என்றேன். அப்போ என்ன, என்றாள். ரசத்தை எடுத்துக் குடித்தேன்.

21 ஜூன்

டாக்டரிடம் எப்போது போகலாம் என்று ராஜி கேட்டாள். தேரோட்டம் முடியட்டும் என்றேன். நெல்லையப்பரை இதில் இழுத்ததற்கு அவர் மன்னிக்கட்டும்.

8 ஜூலை

தேரோட்டம். மதுரையிலிருந்து சங்கர் அண்ணனும் மதினியும் வந்திருந்தார்கள். அண்ணன் வங்கியில் மேலாளர். எதற்கும் அபிப்பிராயம் தயாராக இருக்கும். பள்ளிக்கூடத்தில் தோற்றுப்போய்ப் பிற்பாடு விஞ்ஞானி ஆனவர்கள் என்று ஒரு பட்டியலை என் போனுக்கு அனுப்பினான். எதிரே உட்கார்ந்துகொண்டே அனுப்பினான்.

"டாக்டர், சர்டிபிகேட்னு எங்கயும் எழுதி வாங்கிராதலே. ரெக்கார்டுல ஏறிட்டா அழிக்க முடியாது. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசணும்லா?"

கோமுவுக்கு வயது பத்து. மாப்பிள்ளை வீட்டார் அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார்கள் போல.

மதினிக்கு வேறு வழி தெரிந்திருந்தது. குலசைக்கு மாலை போட்டு, தசராவுக்கு நான் வேஷம் கட்டினால் பிள்ளைக்குப் படிப்பு வந்துவிடுமாம். வேஷம் கட்ட நான் எதற்குக் குலசேகரன்பட்டினம் வரை போக வேண்டும். விவரம் தெரிந்த தகப்பன் வேஷத்தை ஒரு மாதமாக வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறேன், கலைக்கக்கூட இல்லை.

கோமு வடம் பிடித்துவிட்டு உள்ளங்கை சிவக்க வந்தாள். ஒலிபெருக்கியில் கேட்ட அறிவிப்பு அத்தனையும் ஒப்பித்தாள், காணாமல் போன பையனின் சட்டை நிறம், ஊர், மாமா பெயர் உட்பட. பாரு, இவ மேதை, என்று நான் ராஜியிடம் சொன்னேன்.

"பரீட்சைக்கு ஒலிபெருக்கி வைப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள் ராஜி.

19 ஜூலை

இரண்டு நாள் காலையில் சோதனை. இன்று முடிவு. புத்திக்கு ஒரு குறைவும் இல்லை, வாசிப்பு மட்டும் ஆறு வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கிறது. கற்றல் குறைபாடு. சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, வேறு முறையில் தினமும் சொல்லிக் கொடுத்தால் வாசிப்பு வரும், தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கஷ்டம் என்றார் டாக்டர்.

டவுணில் ஒரு உதவிபெறும் பள்ளியில் இதற்கென்று தனி அறையும் சிறப்பு ஆசிரியையும் உண்டு. எட்டுப் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள், இன்னும் இரண்டு இடம் இருக்கிறதாம். அதற்கு இங்கிலீஷ் மீடியத்தை விட்டுப் போக வேண்டும். டையையும் ஷூவையும் விட வேண்டும். கோமுவுக்கு அதில் வருத்தம் இல்லை. டை கட்டுகிறவன் நான்தான், வருத்தமும் எனக்குத்தான்.

28 ஜூலை

அந்த அறையைப் போய்ப் பார்த்தோம். சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது. தட்டில் தவிட்டைப் பரப்பி அதில் விரலால் எழுத வைக்கிறார்கள். ஆறு பிள்ளைகள். ஒருத்தி எழுத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுகிறாள், யாரும் அதட்டவில்லை. ஆசிரியை முத்துராணிக்கு முப்பது வயது இருக்கும். எஸ்டேட்டில் தேயிலை பறித்த குடும்பமாம். எங்க அம்மைக்கும் கைநாட்டுத்தான் சார் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். என்னை அறியாமல் ராஜியைப் பார்த்தேன். ராஜி என்னைப் பார்க்கவில்லை, அது இன்னும் மோசம்.

கோமு மேதை என்பதை டீச்சரிடமும் ஆரம்பித்தேன். ஒலிபெருக்கிக் கதையைப் பாதி கேட்டுவிட்டு அவர் சொன்னார். "மேதையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும் சார். எனக்கு அது வேண்டாம். வாசிக்க வைக்கலாம். பைய வரும். மனு மட்டும் சீக்கிரம் குடுங்க, இடம் நிக்காது."

கிளம்பலாம் என்றபோது கோமு தவிட்டுத் தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. விரலெல்லாம் தவிடு. அவளை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு வர மாட்டேன் என்று என் மகள் அடம் பிடித்து இன்றுதான் பார்த்தேன்.

4 ஆகஸ்ட்

மனு எழுதினேன். ஒரு பக்கப் படிவம். "குழந்தைக்கு உள்ள சிரமம்" என்று ஒரு கட்டம், அதில் இரண்டு வரி எழுத இடம். இரண்டு வரியில் நான் என்றைக்கு நிறுத்தியிருக்கிறேன். தனித்தாள் இணைத்தேன்.

"மேற்படி கோமு என்கிற கோமதி நல்ல அறிவும் நினைவாற்றலும் உடையவளாய், எவ்விதக் குறையும் வில்லங்கமும் இன்றி வளர்ந்து வருகிறாள் என்றும், வாசிப்பில் அவ்வப்போது தோன்றும் சிறு தாமதம் தற்காலிகமானதே என்றும், மேற்படியாளின் எதிர்கால நலனுக்கு எவ்விதப் பங்கமும் நேராவண்ணம் சிறப்புப் பயிற்சிக்கு அனுமதிக்க வேண்டும் என்றும் இதன் மூலம் உறுதி கூறிக் கேட்டுக்கொள்கிறோம்."

டாக்டர் அறிக்கையை இணைக்கச் சொல்லியிருந்தது. "கோரும்போது சமர்ப்பிக்கப்படும்" என்று எழுதினேன். கேட்காத தாளைக் கொடுக்காதே என்பது அப்பாவின் பாடம். நாளைக்கு யார் புரட்டினாலும் என் மகள் பெயரில் ஒரு கறை தெரியாது. எழுதி முடித்து இரண்டு முறை வாசித்தேன். நன்றாக இருந்தது. ராஜி வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

21 ஆகஸ்ட்

கோமுவை இன்று இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்தார்களாம். அங்கே உட்கார்ந்து வாசிக்கப் பழகு என்று. சின்னப் பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட்டார்களா என்று கேட்டேன். கூப்பிட்டார்கள், என் பென்சிலை எடுத்துக் கொடுத்தார்கள் என்றாள். நாளைக்கு வயிறு வலிக்கும் என்று இன்றைக்கே சொல்லிவிட்டுப் படுத்தாள்.

16 செப்டம்பர்

அந்தப் பள்ளி அலுவலகத்திலிருந்து மனு திரும்பி வந்துவிட்டது.

"குழந்தைக்கு எவ்விதக் குறையும் இல்லை எனப் பெற்றோரே உறுதி கூறியிருப்பதாலும், மருத்துவ அறிக்கை இணைக்கப்படாததாலும், பரிசீலிக்க இயலவில்லை."

தப்புச் சொல்ல இடமே இல்லை. நான் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் வாசித்து அப்படியே நம்பியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடத் தொழிலில் என் பத்திரத்தை முழுக்க வாசித்த முதல் ஆள் அந்த எழுத்தராகத்தான் இருக்கும்.

என் பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிற பீர் மைதீனிடம் நகலைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "அண்ணாச்சி, இதை வாசிச்சா எனக்கே உங்க மகள்ட்ட டியூஷன் போவோமான்னு இருக்கு" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "பிள்ளைக்கு மனு எழுதச் சொன்னா, பிள்ளைய விக்கப் போற மாதிரில்லா எழுதியிருக்கிய" என்றார்.

வீட்டில் ராஜி முதல்முறையாக அந்தத் தாளை வாசித்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஊர்ல எல்லாரும் வாசிக்காமத்தான் உங்ககிட்ட கையெழுத்துப் போடுதாங்க. நானும் போட்டேன்" என்றாள். முத்துராணி டீச்சரிடம் போனில் பேசியிருக்கிறாள். இரண்டு இடத்தில் ஒன்று போய்விட்டது. ஒன்றுதான் மிச்சம்.

20 செப்டம்பர்

புது மனு எழுதினேன். மூன்று தடவை. மூன்றிலும் "சிறு" என்ற சொல் வந்துவிடுகிறது. சிறு தாமதம், சிறு சிரமம், சிறு தடை. கிழித்துப் போட்டேன். என்ன சவம்பிடித்த கை இது.

26 செப்டம்பர்

எழுத முடியவில்லை. எழுதுகிறேன்.

காலாண்டுப் பரீட்சைத் தமிழ்த் தாளை மிஸ் கூப்பிட்டுக் கொடுத்தார். மற்றப் பெற்றோர் போன பிறகு கொடுத்தார், அந்த அளவுக்கு நல்ல மனுஷி. தாளில் ஒரு விடையும் இல்லை. பெயர் எழுதுகிற இடத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. முதல் கேள்விக்குக் கீழே ஒன்று. இரண்டாவதுக்குக் கீழே ஒன்று. பதினாலு கேள்வி, பெயரோடு சேர்த்துப் பதினைந்து ரேகை. எல்லாம் இடது கை. அழுத்தமாக, கசியாமல், ஒரு பக்கமாக உருட்டி வைத்திருக்கிறாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கே வேண்டுமானாலும் செல்லும்.

என் பையிலிருந்த மைப்பெட்டியைக் காணோம் என்று மூன்று நாளாகப் பீர் மைதீனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வரும் வழியெல்லாம் கோமுதான் பேசினாள். "எழுதத் தெரியாதவங்க வச்சா செல்லும்னு நீங்கதானப்பா சொன்னீங்க. மிஸ் செல்லாதுங்காங்க." குரலில் அழுகை இல்லை. தனக்குத் தப்பான சட்டம் சொல்லிவிட்டார்களே என்கிற மாதிரி கேட்டாள். வாயில் வந்தபடி கத்துனவன் நான், ஊருக்கு மினுக்கி எழுதுனவன் நான், இரண்டாம் வகுப்புல போய் உக்காந்தது அந்தப் பிள்ளை.

வீட்டுக்கு வந்து ராஜியிடம் தாளைக் கொடுத்தேன். அவள் ரேகைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். தொட்டி காலியானதுதான் மிச்சம்.

28 செப்டம்பர்

கைநாட்டு வைக்கிறவர்களுக்குப் பத்திரம் எழுத ஒரு முறை உண்டு. அவர்கள் சொல்வதை எழுத வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும், சரி என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் ரேகை. நான் பாதி நாள் வாசித்துக் காட்டுவதே இல்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கு பெரியவரே, வையுங்க" என்பேன். அவர்களும் வைப்பார்கள்.

இன்று ஞாயிறு. கோமுவை எதிரே உட்கார வைத்து, "நீ சொல்லு, நான் எழுதுதேன்" என்றேன். அவள் சொன்னாள். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

"எனக்கு வாசிக்க வரலை. எழுத்து நிக்க மாட்டேங்கு, ஓடிருது. சத்தம் போட்டா இன்னும் ஓடுது. முத்துராணி டீச்சர் தவிட்டுல சொல்லித் தருவாங்க. அங்கன போகணும்."

"அவ்வளவுதானா?"

யோசித்தாள். "கைநாட்டுன்னு யாரும் சொல்லக் கூடாது. அதையும் எழுதுங்க."

எழுதினேன். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சரிதான் என்றாள். மைப்பெட்டியைத் தேடினாள். வேண்டாம், பெயரை எழுது என்றேன். எழுதினாள். கோவுக்குக் காலை முதலிலும் கொம்பைக் கடைசியிலும் போட்டாள். திருத்தவில்லை. கை துறுதுறுத்தது, உட்கார்ந்து அடக்கினேன். டாக்டர் அறிக்கையை மேலே வைத்துக் குண்டூசி குத்தினேன். "குழந்தைக்கு உள்ள சிரமம்" கட்டத்தில் "கற்றல் குறைபாடு" என்று எழுதினேன். இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள், அரை வரிகூட ஆகவில்லை.

ராஜி வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். இரண்டு தடவை வாசித்தாள்.

20 அக்டோபர்

தீபாவளி. மனு ஏற்கப்பட்டுவிட்டது, விடுமுறை முடிந்ததும் சேர வேண்டும். வாழ்த்துச் சொல்ல அண்ணன் கூப்பிட்டான், விஷயத்தைச் சொன்னேன்.

"கோட்டிக்காரனாலே நீ? இங்கிலீஷ் மீடியத்தை விட்டுட்டு, ரெக்கார்டுலயும் ஏத்திட்டியே."

"ரெக்கார்டு எழுதுதவன் நான்தானண்ணே. சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டான். மதினி அல்வா அனுப்பியிருந்தாள், திருநெல்வேலிக்கு, மதுரையிலிருந்து.

11 டிசம்பர்

ஒன்றரை மாதத்தில் ஒன்பது எழுத்து நிற்கிறதாம். எனக்குப் போதவில்லை. நேற்று கோமுவின் நோட்டை எடுத்துச் சிவப்பு மையில் திருத்தி வைத்தேன். இன்று முத்துராணி டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க பத்திரத்தைத் திருத்துங்க. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

சிவப்புப் பேனாவை வாங்கி அவர் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

வயிற்றுவலி வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று ராஜி கேட்டாள். யாருக்கு என்று கேட்டேன். அந்த அளவுக்கு மறந்துபோயிருக்கிறேன்.

7 ஜனவரி 2026

சுத்தமல்லி இசக்கியம்மாவுக்கு, சொத்தில் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். எழுதி முடித்து முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில், "அது வடக்கு இல்ல அய்யா, தெக்கு" என்றாள். தெற்குதான். பீர் மைதீன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

19 பிப்ரவரி

சாயங்காலம் கோமுவைக் கூட்டிக்கொண்டு ஆர்ச் பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். வழக்கமாகக் கண்டக்டர் ஊரைக் கூப்பிடும் குரலை வைத்தே எங்கள் பஸ்ஸைச் சொல்லிவிடுவாள். இன்று தூரத்தில் ஒரு பஸ் வரும்போதே என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, என் காதைப் பொத்துங்க."

"எதுக்குளா?"

"அவரு ஊர் பேரைச் சொல்லிருவாரு. பொத்துங்க."

இரண்டு கையாலும் பொத்தினேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தொண்டை கிழியக் கூப்பிட்டார். கோமு பலகையைப் பார்த்தபடி நின்றாள். ஒரு விரல் காற்றில் எழுத்துக்குக் கீழே நின்று நின்று நகர்ந்தது. "த. ச். தச்." கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு ஏறியது. "ச. தச்ச." கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுதியளா இல்லியா அண்ணாச்சி" என்றார். இருங்க, பிள்ளை வாசிக்கா, என்றேன். எதை என்று கேட்டார். பஸ்ஸை, என்றேன். விசில் கொடுத்துவிட்டார்.

பஸ் நகர நகர அவள் தலையும் கூடவே திரும்பியது, என் கையும் திரும்பியது. "நல். லூர்" என்று அவள் முடிக்கும்போது அது ஆர்ச்சைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

"தச்சநல்லூர்ப்பா. நம்ம பஸ்."

ஆமாம் என்றேன். நடந்தே வீட்டுக்கு வந்தோம்.